பாட்டி பாதி, பேத்தி பாதி

கேள்வி: என் நான்கு வயதுப் பேத்தி தொலைவில் இருக்கிறாள். வாரம் இரண்டு முறை வீடியோ காலில் பார்க்கிறோம். இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுகிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது நான் பாடிய தாலாட்டு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேர்ந்து பாடிப் பார்த்தால் தாளம் தப்பி, பாதியில் நின்றுவிடுகிறது. வயதாகி என் குரல் கெட்டுப்போனதுதான் காரணமா?

பதில்: இல்லவே இல்லை, அம்மா. ஃபோனில் உங்கள் குரல் அங்கே போய்ச் சேரவே கொஞ்சம் தாமதமாகும். அவள் குரல் திரும்பி வர இன்னும் கொஞ்சம். அவளுக்காக நீங்கள் இழுக்க, உங்களுக்காக அவள் இழுக்க, நாலு வரிக்குள் பாட்டு படுத்துவிடும். தேர்ந்த பாடகர்களுக்கும் இதே கதிதான். அதனால் ஃபோனில் சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, மாற்றி மாற்றிப் பாடுங்கள்.

அந்தத் தாலாட்டில் இரண்டே வரி போதும். முதல் வாரம் நீங்கள் மட்டும் முழுதாகப் பாடுங்கள். அடுத்த வாரம் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனசுக்குள் நாலு எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்; ஒரு நொடி மௌனம் தாங்காமல் நாமே சொல்லிவிடுவோம். அவள் சொல்லவில்லையென்றால் நீங்களே மெதுவாக முடித்து அடுத்த வரிக்குப் போங்கள். கடைசிச் சொல் பழகியபின் அரை வரி, பிறகு முழு வரி.

பிறகு கேள்வி-பதிலாக ஒரு வரி கட்டுங்கள். “பூனைக்குட்டி எங்கே?” என்று நீங்கள் பாட, “கட்டிலுக்கு அடியில!” என்று அவள் பாடட்டும். நாளைக்கே அவள் “அலமாரி மேல!” என்று மாற்றினால் திருத்தாதீர்கள். அந்த நிமிடம் முதல் அது அவள் பாட்டு.

சுருதியை அவளிடமிருந்தே எடுங்கள். வயதாக ஆகப் பெண்களின் குரல் தாழ்ந்துவிடும். அந்த ஆழத்துக்குக் குழந்தையால் இறங்க முடியாது, பாடாமல் முணுமுணுப்பாள். வேகமும் அப்படியே. சிறுபிள்ளைகளின் இயல்பான தாளம் நம்முடையதைவிடத் துரிதம். தாலாட்டின் நிதானம் விளையாட்டு நேரத்தில் அவளுக்குச் சலிப்பாக இருக்கும். கொஞ்சம் விரட்டிப் பாடுங்கள்.

நீட்டிப் பிடிக்கும் இடங்களில் குரல் அறுந்தால், ஆப் அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டால் சரியாகும்.

மகளிடமோ மருமகளிடமோ ஒன்று சொல்லிவையுங்கள்: “பாட்டிக்குப் பாடிக் காட்டு” என்று குழந்தையை நெருக்க வேண்டாம். அது பரீட்சை ஆகிவிடும். ஃபோனை அவள் கண் உயரத்தில் எதிலாவது சாய்த்துவைத்தால் போதும். ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டால் ஓடட்டும். சில குழந்தைகள் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பொம்மையோடு தனியாக இருக்கும்போதுதான் பாடும். அவள் அப்படி முணுமுணுக்கிறாளா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நிமிட ஆடியோ ஒன்றும் பதிந்து அனுப்புங்கள். அவள் பாட வேண்டிய இடங்களை வெறுமையாக விட்டு.