ஓ நெகட்டிவ் தாய்க்கு இரண்டாவது பிள்ளை: முன்கூட்டியே எதைப் பார்க்க வேண்டும்?

தங்கச்சி, உங்களுக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பொசிட்டிவ், மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, அடுத்ததற்கு ஆசை. ஆனால் “நெகட்டிவ்காரிக்கு இரண்டாவது தங்காது” என்று யாரோ சொன்னதிலிருந்து உறக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஓ நெகட்டிவ்தான். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். இதே வசனத்தை எனக்குச் சொன்னவர் என் பெரியம்மா. நான் வைத்தியர் இல்லை. பட்டதையும் கிளினிக்கில் துருவித் துருவிக் கேட்டதையும் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் ஒரு காகிதத்தைத் தேடுங்கள். மூத்த பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அட்டை. அதில் பிள்ளையின் குருதி வகை என்ன, உங்களுக்கு அன்டி-டி ஊசி (நெகட்டிவ் தாய்க்கு அடுத்த பிள்ளையைக் காக்கப் போடுவது) போட்டார்களா, எப்போது போட்டார்கள் என்று பாருங்கள். பிள்ளையும் நெகட்டிவ் என்றால் அந்தப் பிரசவத்தால் பயம் இல்லை. பொசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும்.

அந்த 72 மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். மகள் பிறந்தது சனிக்கிழமை மாலை. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் போயா. செவ்வாய் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பிள்ளையின் குருதி முடிவை நாளைக்கு வந்து எடுக்கலாமாம். எங்கள் ஊர் மிட்வைஃப் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஊசி போடாமல் வாசல் தாண்டாதே” என்றார். கணவர் ஆய்வுகூடத்து வாசலிலேயே நின்று முடிவை வாங்கினார்: பி பொசிட்டிவ். விடுதியில் ஊசி கையிருப்பில் இல்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு, கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகரத்து மருந்துக்கடை ஒன்றில் வாங்கி வந்தார். மாலை நான்கு மணிக்குப் போட்டார்கள். இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் மிச்சம்.

அப்படி ஓட வேண்டிய காரணம் இதுதான். பிரசவத்தின்போது பிள்ளையின் செங்குழியங்கள் கொஞ்சம் தாயின் உடலில் கலக்கும். பொசிட்டிவ் குருதியை நம் உடல் அந்நியமாகக் கண்டு, அதை எதிர்க்கும் பிறபொருளெதிரியை (அன்டிபொடி) உண்டாக்கும். மூத்த பிள்ளை அதற்குள் வெளியே வந்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த பிள்ளையும் பொசிட்டிவ் என்றால், அந்தப் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து போய் அதன் செங்குழியங்களை அழிக்கும். குருதிச்சோகை, கடும் மஞ்சள் காமாலை எல்லாம் அதனால்தான். உடல் அடையாளம் கண்டுகொள்ளுமுன் கலந்த செங்குழியங்களை அகற்றிவிடுவதுதான் ஊசியின் வேலை. எதிரி ஏற்கெனவே உருவாகிவிட்டால் ஊசியால் பயன் இல்லை. 1968இல் இது பாவனைக்கு வந்தது. பெரியம்மா கேட்ட கதைகள் அதற்கு முந்தையவையாக இருக்கும்.

அட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கருத்தரிக்குமுன், உங்கள் குருதியில் அந்த எதிரி இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனை (தாய்க்குச் செய்வது ‘இன்டைரக்ட்’) செய்யச் சொல்லி மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். எதிரி இல்லை என்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இருக்கிறது என்று வந்தாலும் பிள்ளையே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். அதன் அளவைத் தொடர்ந்து பார்ப்பார்கள், ஸ்கேனில் பிள்ளையின் மூளைக் குருதிக்குழாயில் ஓட்டத்தை அளந்து சோகையைக் கண்டுபிடிப்பார்கள். தேவையானால் வயிற்றில் இருக்கும்போதே குருதி ஏற்றவும் வழி உண்டு.

இன்னொன்று, கேட்கச் சங்கடமான கேள்வி. இடையில் கரு ஏதும் கலைந்ததா? எங்கள் பக்கத்தில் இதை அயலுக்குத் தெரியாமல் மூடி மறைப்பது வழக்கம். அயலுக்கு மறையுங்கள், வைத்தியருக்கு மறைக்காதீர்கள். கரு கலைவதிலும், கர்ப்பகாலத்துக் குருதிப்போக்கிலும், வயிற்றில் பலமாக அடிபடுவதிலும் குருதி கலக்கலாம். அப்போதும் 72 மணித்தியாலக் கணக்குத்தான்.

“முதலே போட்டாயிற்றே, இனி எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. ஊசியின் காவல் ஏறக்குறைய 12 வாரம்தான். எனக்கு இரண்டாவது கர்ப்பத்தில் 28ஆம் வாரத்தில் ஒன்று போட்டார்கள். பிள்ளை பொசிட்டிவ் என்றால் பிறந்தபின் இன்னொன்று என்றார்கள்.

குருதி வங்கி உள்ள வைத்தியசாலையிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் நெகட்டிவ்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ்தான் ஏற்ற முடியும். என் தம்பியும் அதே வகை என்பதால் பிரசவ மாதத்தில் அவனை ஊரை விட்டு அசையவிடவில்லை.

மட்டக்களப்பில் குடி என்கிற குலம் தாய்வழியில் வரும். குருதி வகை அப்படி வராது, தகப்பனிடமிருந்தும் வரும். பொசிட்டிவ் தகப்பன் உள்ளே ஒரு நெகட்டிவ் மரபணுவை ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் கணவர் அப்படி ஒளித்து வைத்திருந்தவர். இளையவன் ஓ நெகட்டிவ். பிறந்தபின் ஊசியே தேவைப்படவில்லை. ஆயத்தமாக வைத்திருந்த ரெஜிபோம் பெட்டியில் இப்போது மீன் வாங்கி வருகிறார்.