டிராகனின் தோல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

குடியாத்தத்தில் இருக்கிறேன். கல்லூரி முடித்துவிட்டு டேப்லெட்டில் படம் வரைகிறேன். மேஜிக், போக்கிமான் என்ற இரண்டு சீட்டு விளையாட்டுகளின் படச் சீட்டுகளையும் சின்ன வயதிலிருந்து சேர்ப்பவன். இப்போது நண்பர்கள் சேர்ந்து நாங்களே ஒரு சீட்டு விளையாட்டு செய்கிறோம். படங்கள் என் பொறுப்பு. முதல் சீட்டுக்கு டிராகன் வரைந்தேன். ஒவ்வொரு செதிலுக்கும் கீறல், துளை, பளபளப்பு எல்லாம் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறார். அவரும் பார்த்துவிட்டு, "பிளேட் அடிச்ச தோல் மாதிரி இருக்குடா" என்றார்.

இல்லாத மிருகத்துக்கு நிஜத் தோல் எதற்கு சார்? 1990களின் பழைய சீட்டுகளில் சொரசொரப்பு என்ற இந்தத் தொல்லையே இல்லை. இப்போது எல்லாம் சினிமா ஸ்டில் மாதிரி ஆகிவிட்டது. நிஜத்தன்மை வந்து கற்பனையைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். படத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

படத்தைப் பார்த்தேன். உங்கள் அப்பா சொன்னதைவிடச் சரியான விமர்சனம் என்னிடம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை நீங்கள் திட்டு என்று எடுத்துக்கொண்டு, பழியை நிஜத்தன்மையின் மேல் போட்டுவிட்டீர்கள்.

பிளேட் அடிப்பது என்றால் என்ன என்று மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உண்ணி கடித்த தடமும் முள் கிழித்த கோடும் நிறைய இருக்கிற தோலை அப்படியே விற்க முடியாது. மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே வண்ணப் பூச்சு கொடுத்து, தோலின் துளை வடிவம் செதுக்கிய சூடான இரும்புத் தகட்டால் அழுத்துவார்கள். வெளியே வரும்போது பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் முதுகிலும் வயிற்றிலும் கழுத்திலும் ஒரே புள்ளி, ஒரே இடைவெளி. எந்த உயிருக்கும் அப்படித் தோல் கிடையாது. முதுகுத்தண்டுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து கிடக்கும், கழுத்தில் மடிப்புக் கோடுகள் ஓடும். ஆட்டுத் தோலின் துளைகள் ஒரு மாதிரி வரிசை கட்டும், எருமைத் தோல் வேறு மாதிரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் அனுபவப்பட்ட கைகள் இதைத் தடவியே சொல்லிவிடும்.

உங்கள் டிராகனில் நடந்தது இதுதான். மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே பிரஷ்ஷால் ஒரே செதிலை அச்சடித்திருக்கிறீர்கள். கீறல் வைத்திருக்கிறீர்கள், சரி. எதனால் விழுந்த கீறல்? மாடு மண்டி போட்டுப் படுக்கிற முட்டியைப் பாருங்கள், முடி தேய்ந்து தோல் காய்த்துப் போயிருக்கும். உங்கள் டிராகன் பாறைமேல் படுக்கிற மிருகம் என்று சீட்டின் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நெஞ்சும் முழங்கையும் காய்த்திருக்க வேண்டும். இறக்கை உடம்போடு சேரும் அக்குளில் செதில் சின்னதாகி, மெல்லிய சுருக்கத் தோலாக மாறவேண்டும், இல்லாவிட்டால் அதனால் இறக்கையை மடக்கவே முடியாது. பார்க்கிறவன் இதையெல்லாம் யோசித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் காரணம் இருக்கிற தடத்தை நம்புகிறான், காரணம் இல்லாததைப் பார்த்ததும் பொம்மை என்கிறான்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் டேப்லெட்டில் வரைகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு பொருளின் சொரசொரப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு கண்ணுக்குத் தெரியாது. நேராக வெளிச்சம் விழும் இடத்தில் வெளுத்துவிடும், முழு நிழலில் கரைந்துவிடும். வெளிச்சம் நிழலாகத் திரும்புகிற அந்த ஒரு பட்டையில்தான் ஒவ்வொரு மேடும் தன் குட்டி நிழலோடு எழுந்து நிற்கும். வேலூர்க் கோட்டையின் கல்தரையைக் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். காலையில் உளி விழுந்த இடம் ஒவ்வொன்றையும் எண்ணலாம். மதியம் அதே கல் மழமழவென்று இருப்பதுபோல் தோன்றும். நீங்கள் உச்சிவெயிலில் நிற்கிற டிராகனுக்குக் காலை வெயிலின் செதிலை வைத்திருக்கிறீர்கள், அதுவும் நிழலுக்குள் கூட. இணையத்தில் எடுத்த பாறைப் புகைப்படத்தை மேலே ஒட்டினாலும் இதே சிக்கல்தான். அந்தப் படத்தின் சூரியன் ஒரு பக்கம், உங்கள் சூரியன் இன்னொரு பக்கம். (யாருடைய புகைப்படம் என்பது தனி வம்பு. விற்கப்போகிற சீட்டு என்றால் நீங்களே எடுத்த படத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.)

பளபளப்பும் அப்படித்தான். ஈரமான மூக்கில் ஒளிப்புள்ளி சின்னதாக, கூர்மையாக விழும். காய்ந்த தோலில் அகலமாக, மங்கலாகப் பரவும். கொம்பின் பளபளப்பு இந்த இரண்டு விதத்துக்கும் நடுவில். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் புள்ளி வைத்ததால்தான் பிளாஸ்டிக் வந்தது. இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும், படத்தின் பாதி நோய் தீர்ந்துவிடும்.

இனி அளவு. மேஜிக் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். வழக்கமான சட்டகத்தில் படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். உங்கள் ஊர்த் தீப்பெட்டி லேபிளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதையும் எதிரே உட்கார்ந்திருப்பவன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்க்கிறான். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சுக்குக் கொடுத்தால் படத்தின் அகலம் மொத்தம் சுமார் 600 புள்ளிதான். நீங்கள் வரைந்திருப்பது 6000 புள்ளி அகலம். பத்துப் புள்ளியை ஒரு புள்ளியாகச் சுருக்கும்போது செதிலின் துளையெல்லாம் கலந்து சாம்பல் பூச்சாகிவிடும். அதோடு ஆஃப்செட் அச்சில் நான்கு மையின் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் படம் விழுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் பூப்போலச் சுற்றி நிற்பது தெரியும். (போலிச் சீட்டைப் பிடிப்பதற்குச் சேகரிப்பவர்கள் பார்க்கிற அடையாளங்களில் அதுவும் ஒன்று.) அந்தப் புள்ளியைவிட நுணுக்கமான எதையும் சீட்டு காட்டாது. கண்ணைச் சுற்றி, தாடைக்குக் கீழே, முன்னங்கால் நகத்தில் என்று மூன்று இடத்தில் மட்டும் நன்றாக வேலை செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலே முழு மிருகமும் அப்படித்தான் என்று கண் நிரப்பிக்கொள்ளும்.

பழைய சீட்டுகளைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். 1993இல் மேஜிக் வந்தபோது ஓவியர்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. பிற்பாடு விளையாட்டின் கதையில் வரும் ஒவ்வொரு உலகத்துக்கும் உடை, கட்டடம், மிருகம் எல்லாம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று வழிகாட்டி எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் ஒரு சீரான தோற்றம் வந்தது, கொஞ்சம் சலிப்பும் வந்தது. ஆனால் பழையவை சொரசொரப்பே இல்லாதவை என்று நீங்கள் எழுதியது தப்பு. ரெபெக்கா கே என்ற மேஜிக் ஓவியரின் நீர்வண்ணச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், வண்ணம் தாளில் ஊறிப் பரவிய தடம் அப்படியே இருக்கிறது. அது பொருளின் சொரசொரப்பு இல்லை, வண்ணத்தின் சொரசொரப்பு. கை வேலையில் அது சும்மாவே கிடைத்தது. டேப்லெட் திரைக்கு மாறியதும் அது போய்விட்டது, அந்த வெறுமையை நிரப்பத்தான் பலர் செதிலுக்குச் செதில் துளை போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காக நிஜத்தைத் தேடுவதே இந்தக் காலத்து வியாதி என்று சொல்லிவிட முடியாது. டொனாட்டோ ஜான்கோலா எண்ணெய் வண்ணத்தில், பழைய ஐரோப்பிய ஓவியர்களின் முறையிலேயே மேஜிக்குக்கு வரைந்திருக்கிறார். அவருடைய கவசத்தில் இரும்பின் எடை தெரியும். கற்பனை எங்கே கெட்டது?

போக்கிமானும் சேர்க்கிறேன் என்கிறீர்கள், அதனால் யூகா மோரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். களிமண்ணில் பொம்மை செய்து, புகைப்படம் எடுத்து, அதையே சீட்டுக்குப் படமாகக் கொடுப்பவர். அசாகோ இதோ நூலில் பின்னிய பொம்மைகளை வைத்து அதையே செய்கிறார். அந்த மிருகங்களில் நிஜம் துளியும் கிடையாது. ஆனால் மண் நிஜம், நூல் நிஜம், விளக்கு வெளிச்சம் நிஜம். எனக்குப் பிடித்த சீட்டுகளில் அவையும் உண்டு.

கோட்டைக்குப் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். யாளியை உயிரோடு பார்த்தவர் யாரும் இல்லை. அந்தச் சிற்பிகளுக்கு அது தடையாகவே இல்லை. தூணில் பாய்கிற மிருகங்களின் கடிவாளம், சேணப்பட்டை, விம்மி நிற்கிற மார்பு எல்லாவற்றையும் தெரிந்த மிருகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். கருங்கல்லுக்குள் இருக்கிற துகள்மணி பெரியது, ஒரு அளவுக்குக் கீழே போனால் செதுக்கியது உதிர்ந்துவிடும். அவர்களுக்குக் கல்லின் மணி போட்ட எல்லையை உங்களுக்கு அச்சுப் புள்ளி போடுகிறது.

செதிலுக்கு எதைப் பார்த்து வரைவது என்று படத்தோடு ஒரு குறிப்பு வைத்திருந்தீர்கள். உடும்பைத் தேடிப் போகவேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். கறிக்கடையில் நாலு கோழிக்கால் வாங்குங்கள். முன்பக்கம் ஓடு வேய்ந்ததுபோல அகலமான தகடுகள், பக்கவாட்டில் சின்ன மணிகள், அடிப்பாதத்தில் மெத்தை மாதிரி புடைப்புகள், மூட்டில் சுருக்கம். ஒரே காலில் நாலு விதம் இருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் வைத்து, பென்சிலில் வரையுங்கள். பிறகு டிராகனைத் திருத்தி, 5 சென்டிமீட்டர் அகலத்தில் அச்செடுத்து, அந்த அச்சை எனக்கு அனுப்புங்கள். பெரிய கோப்பு வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.