ரெஸ்டோ பார் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் எங்கள் கிராமம். கடலூர் சாலையை ஒட்டி அப்பா வாங்கிப்போட்ட 12 சென்ட் இடம் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. ரெஸ்டோ பார் வைப்பதற்காக ஒருவர் அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள், வேண்டியவர்கள் ஒரு பீர் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்கிறார். தம்பிக்குச் சம்மதம். அம்மா வேண்டாம் என்கிறார். கலாசாரம் போச்சு என்று ஊரில் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். சாராயக்கடையில் குந்திக் குடிப்பதைவிட மேசையில் உட்கார்ந்து கௌரவமாகக் குடிப்பது மேல்தானே? இடத்தைக் கொடுக்கலாமா?

கி.

அன்புள்ள கி.,

கலாசாரத்தை ஓரமாக வைத்துவிடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு இருந்தபோது, குடிக்கிறவர்கள் தென்பெண்ணையைத் தாண்டி நம் பக்கம்தான் வந்தார்கள். அதில் வயிறு வளர்த்தவர்கள் நாம். இப்போது திடீரென்று கலாசாரம் பேச வாய் வராது.

ஆனால் ‘சாராயக்கடையைவிட மேல்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் என் ஆயாவின் இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதினெட்டு வருஷம் ஒரு சாராயக்கடை வாசலில் மீன் வறுத்து விற்றவள்.

மூன்று செங்கல் அடுப்பு, இந்தச் சட்டி, நெத்திலி இல்லாத நாளில் அவித்த முட்டை. பூவரச இலையில் வைத்துத் தருவாள். கூலி வாங்கிக்கொண்டு நேராக வருகிறவனை உள்ளே விடமாட்டாள். “பாதிய இங்க வெச்சிட்டுப் போடா” என்பாள். வைப்பார்கள். ஒவ்வொருவன் காசையும் முந்தானையில் தனித்தனியாக முடிந்துகொள்வாள். ஒற்றை முடிச்சு ஒருவனுடையது, இரட்டை முடிச்சு இன்னொருவனுடையது. பொழுது சாய்ந்ததும் பெண்டாட்டிகள் வந்து அவரவர் முடிச்சை அவிழ்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரரும் உள்ளூர்க்காரர்தான். “அவனுக்கு இன்னைக்குப் போதும்” என்று ஆயா வெளியிலிருந்து குரல் கொடுத்தால் ஊற்றமாட்டார்.

இதைப் பொற்காலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பெரிய மாமா அந்தக் கடையில்தான் ஈரலைக் கெடுத்துக்கொண்டு நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் காசையும் ஆயா முடிந்துதான் வைத்திருந்தாள். என் பள்ளிக்கூடச் சம்பளம் அந்த மீன் காசில் கட்டியது. அதனால் குடியைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை, செய்யவும் போவதில்லை.

நான் சொல்ல வருவது வேறு. அந்தக் கடையின் கையைப் பிடிக்க ஊரில் ஒரு கிழவியாவது இருந்தாள். உங்கள் இடத்தில் வரப்போகும் கடையை யார் கேட்பது? வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்களுக்கான கடை அது. அனுமதி கலால் துறையில் கிடைக்கும். போர்டு மாட்டுகிற அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியும்.

ஊரைக் கேட்க வேண்டாமா என்றால், ஊர் என்று யாரைக் கேட்பது? இதை நான் பத்து வருஷமாகப் புலம்புகிறேன், இன்னொரு முறையும் புலம்புகிறேன். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷம்! 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் இருக்கிறார், அவர் அதிகாரி. இன்றைக்கு வருவார், நாளைக்கு மாற்றலாகிப் போவார். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டத்துக் கிராமத்தில் கிராம சபை கூடுகிறது. டாஸ்மாக் வேண்டாம் என்று தீர்மானம் போடுகிறார்கள். போட்டதெல்லாம் நடந்துவிடுகிறதா? இல்லை. ஆனால் எழுந்து நின்று பேச ஒரு பந்தலும் ஒரு மைக்கும் இருக்கிறது. நமக்கு அதுவும் கிடையாது.

2006 தேர்தலில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்தவரைப் பெண்கள் திண்ணையில் உட்காரவைத்து, எழவே விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பாதையில் இருக்கும் சாராயக்கடையைத் தள்ளிப்போட வேண்டும், அப்புறம்தான் ஓட்டு. ஜெயித்தார். மூன்றாம் மாதம் கடை குளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரரிடம் என்ன பேசினாரோ, கடை நகர்ந்தது.

உங்கள் ஊரில் கலாசாரம் என்று கத்துகிறார்களே, அவர்களிடம் போய், தேர்தல் நடத்து என்று கத்தச் சொல்லுங்கள். நானும் வந்து கூடக் கத்துகிறேன்.

சரி, உங்கள் 12 சென்ட். கௌரவம் என்ற சொல்லை விடுங்கள், மேசை போட்டால் கௌரவம் வந்துவிடாது. குளிர்சாதன அறையில் குடித்தவனும் அதே சாலையில்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறான், அதுவும் உங்கள் வீட்டு வாசல் வழியாக. வாடகைக் கணக்கு எனக்குத் தெரியாது, அதை உங்கள் தம்பி நன்றாகவே போட்டிருப்பார்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தம்பிக்கு இரண்டு சொல், அம்மாவுக்கு மூன்றே சொல். ஏன் வேண்டாம் என்று அவரிடம் கேட்டீர்களா? வாசலில் உட்கார்ந்து அந்தச் சாலையை ராத்திரியெல்லாம் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

அப்பா வாங்கிப்போட்ட இடம் என்கிறீர்கள். பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்,
அக்கா