பட்டறை பதில்கள்: கரண்ட் இல்லாத மாடியில் கட்டிங் மெஷின்

கேள்வி: பெரம்பூரில் கேட், கிரில் வேலை செய்கிறேன். பாதி சைட்டில் கரண்ட் இருக்காது. 775 என்கிற சின்ன டிசி மோட்டாரையும் பழைய லேப்டாப் செல்களையும் வைத்து பேட்டரி கட்டிங் மெஷின் நானே செய்யலாமா? ஒரு நாளைக்கு 40 வெட்டு விழும். எல்லாம் 25 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனம்.

பதில்: பேட்டரியில் ஓட்டலாம், தாராளமாக. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பொருளும் வேண்டாம்.

775 மோட்டாரின் ஷாஃப்ட் வெறும் 5 மி.மீ. கட்டிங் வீலைப் பைப்பில் அழுத்தும்போது வருகிற பக்கவாட்டுச் சுமை அதற்கு ஆகாது. வீல் ஆட ஆரம்பித்துவிடும். 4 இஞ்ச் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகிறது. அம்பத்தூரில் நான் வேலை பழகிய காலத்தில், கார்டு (வீலை மூடும் தகடு) கழற்றிய மெஷினில் வீல் உடைந்து, என் பக்கத்தில் நின்றவரின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே. இன்றைக்கும் கார்டு இல்லாத மெஷினைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அதனால் கியர், ஸ்பிண்டில், கார்டு எல்லாம் சேர்ந்த 18 வோல்ட் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மெஷினையே வாங்குங்கள். பேட்டரி இல்லாமல் பாடி மட்டும் தனியாக விற்கிறார்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். வெட்டும்போது சுமார் 600 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 18 வோல்ட்டில் அது 33 ஆம்பியர். 18650 என்கிற உருளை லித்தியம் செல் ஐந்தை வரிசையாக, அப்படி இரண்டு வரிசை சேர்த்தால் பத்து செல், அதுதான் ஒரு பேக். ஒரு செல்லுக்கு 16, 17 ஆம்பியர் வரும். லேப்டாப் செல் நாலைந்து ஆம்பியருக்குச் செய்தது. இந்த இழுப்பில் சூடேறி வீணாகும், தீப்பிடிக்கவும் கூடும். 20 ஆம்பியர் தாங்குகிற, 2.5 ஆம்பியர்-அவர் புது செல்லாகப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல் வாங்கினால் ஒன்றிரண்டை எடை போட்டுப் பாருங்கள். நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். ரொம்ப லேசாக இருந்தால் போலி.

பத்து செல்லில் சுமார் 92 வாட்-அவர் கிடைக்கும். உங்கள் பைப்பை வெட்ட என் கையில் 20 வினாடி ஆகிறது, அதாவது வெட்டுக்கு 3.3 வாட்-அவர். கணக்குப்படி 27 வெட்டு. நான் 22 என்றுதான் வைத்துக்கொள்வேன். உங்கள் 40 வெட்டுக்கு இரண்டு பேக் போதும். ஒவ்வொன்றிலும் செல் எடை அரைக் கிலோகூட இல்லை, மாடிப்படி ஏறத் தோதாக இருக்கும். யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் (ஈய) பேட்டரியே இரண்டு கிலோவுக்கு மேல். இவ்வளவு வேகமாக இழுத்தால் அதில் பாதிகூட தேறாது.

பேக்கை ஸ்பாட் வெல்டிங்கில்தான் இணைக்க வேண்டும், சோல்டரிங் சூடு செல்லைக் கெடுத்துவிடும். செல்லைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டும் ஃபியூஸும் கட்டாயம். இதற்கு முன் பேக் கட்டிப் பழக்கம் இல்லையென்றால், தயவுசெய்து கம்பெனி பேட்டரியே வாங்குங்கள். மே மாதம் வெயிலில் நின்ற வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். நிழலில் ஆறட்டும்.

அப்புறம் ஒன்று. பைப் மட்டும்தான் வெட்டுகிறீர்கள் என்றால் பேட்டரி பேண்ட்சா (பல் வைத்த வளையப் பிளேடு ஓடும் ரம்பம்) பாடியையும் விசாரியுங்கள். பல் வைத்து அறுப்பதற்கு, தேய்த்து வெட்டுவதைவிட மிகக் குறைந்த சக்தி போதும். பொறியும் பறக்காது. பெயின்டர் தின்னர் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிற மாடியில் நான் அதைத்தான் எடுப்பேன்.