நண்பர்களுடன் ஒரு தொலைக்காட்சித் தொடரை வைத்து ஃபேன்டஸி லீக் (ஆளுக்குச் சில பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, அவை திரையில் செய்வதற்குப் புள்ளி போடும் விளையாட்டு) நடத்துகிறோம். புள்ளி கணக்கிடுவதில் சண்டை வராமல் இருக்க என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் குழுவில் ஒரு சண்டை ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும், புள்ளிக் கணக்கும் உங்கள் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் எபிசோட் வருவதற்குள் விதிகளை எழுதி முடித்துவிடுங்கள், பிறகு யார் கேட்டாலும், எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், சீசன் முடியும்வரை ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள்.

1980-இல் அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் பேஸ்பால் வீரர்களை ஏலம் எடுத்து இவ்வகை லீக்கைத் தொடங்கியபோது, ஒவ்வொரு வீரரும் என்ன செய்தார் என்பதை மறுநாள் செய்தித்தாளே அச்சிட்டுக் கொடுத்தது. தொலைக்காட்சித் தொடருக்கு அப்படி ஒரு பொதுக் கணக்குப் புத்தகம் கிடையாது. ஒருவர் கொன்றாரா, கொல்லக் காரணமாக மட்டும் இருந்தாரா என்பதைத் திரையைப் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், இங்கே விதிதான் நடுவர்.

2019-இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலக் கற்பனைத் தொடரின் கடைசி சீசனுக்கு நாங்கள் லீக் நடத்தினோம். பணம் எதுவும் வைக்கவில்லை. முதல் சுற்றில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் தேர்ந்தெடுப்பார் என்ற முறையில் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம். பெயருள்ள பாத்திரத்தைக் கொன்றால் பத்துப் புள்ளி, பெயரில்லாததைக் கொன்றால் ஒரு புள்ளி. பெயரில்லாதவற்றைக் கொன்று ஒரு எபிசோடில் எடுக்கும் புள்ளி பத்தைத் தாண்டக் கூடாது. உயிரோடு எபிசோடை முடித்தால் ஐந்து புள்ளி. ஆறாவது சீசனில் ஜான் ஸ்னோ என்ற பாத்திரம் செத்து உயிர்த்தெழுந்ததை மனத்தில் வைத்து, சொந்த நினைவோடு திரும்பி வந்தால் மட்டுமே மீண்டும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு என்றும் எழுதி வைத்தேன். பத்துப் புள்ளி உச்சவரம்பை டெனேரிஸ் என்ற அரசியைத் தேர்ந்தெடுத்த நண்பர் கடுமையாக எதிர்த்தார். ஐந்தாவது எபிசோடில் அவள் டிராகன் மீதேறி ஒரு நகரத்தையே எரித்தபோதுதான், அந்த வரம்பு இல்லாவிட்டால் லீக் அங்கேயே முடிந்திருக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

எங்கள் சண்டை மூன்றாவது எபிசோடில் வந்தது. லியானா மோர்மான்ட் என்ற சிறுமியை யாரும் எடுக்காத நிலையில், கடைசிச் சுற்றில் ஒரு நண்பர் ஆசையோடு எடுத்திருந்தார். செத்து எழுந்த ராட்சதன் ஒருவன் அவளைக் கையில் தூக்கி நொறுக்குகிறான். எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது. அந்த நிலையிலும் அவள் அவன் கண்ணில் ஆயுதத்தைச் செருகிவிட்டுச் சாகிறாள். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ராட்சதனுக்குப் பெயர் இல்லை, ஆகவே ஒரு புள்ளி. அவளும் பிழைக்கவில்லை, ஆகவே ஐந்து புள்ளி கிடையாது. பத்துப் புள்ளியாவது கொடுக்க வேண்டும் என்று குழுவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள், நான் மறுத்தேன்.

அதே எபிசோடின் முடிவில் ஆர்யா என்ற பெண், செத்து எழுந்தவர்களின் படைக்குத் தலைவனான நைட் கிங்கைக் குத்துகிறாள். அவன் உடைந்த அதே நொடியில் அவனுடைய தளபதிகளும் பிணப்படையும் சரிந்து விழுகின்றன. ஆர்யாவை வைத்திருந்தவர் வரம்பைத் தளர்த்தி, விழுந்த தளபதி ஒவ்வொருவருக்கும் புள்ளி கேட்டார். சிறுமிக்காக விதியை வளைத்திருந்தால், அவருக்கு மறுப்புச் சொல்ல என்னிடம் என்ன நியாயம் இருந்திருக்கும்? அவள் கையால் நேரடியாகச் செத்தவன் நைட் கிங் ஒருவன்தான் என்று பத்துப் புள்ளி போட்டேன். லியானாவை எடுத்த நண்பர் அந்த சீசன் முடியும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றும் அந்த ஒரு புள்ளி சரி என்றுதான் சொல்வேன்.

சாவுக்குப் புள்ளி போடுவது மனிதத்தன்மையற்றது என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதக்கூடும். ஓரமாக நின்றுவிட்டுப் போகும் ஒரு பாத்திரம் பிழைக்க வேண்டுமே என்று ஒரு மணி நேரம் பதைபதைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இந்த விளையாட்டு அந்தக் கதையோடு நம்மை எவ்வளவு நெருக்கமாகக் கட்டிவைக்கிறது என்று. வேண்டாதவர்கள் விளையாட வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அது கசிந்த எபிசோடுகளைத் தேடிப் பார்ப்பவர்கள் மீது. 2017-இல் இதே தொடரின் ஏழாவது சீசனின் நான்காவது எபிசோட் ஒளிபரப்புக்கு முன்பே இணையத்தில் வெளியானது. அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்களின் குழுவில் வந்து முடிவைச் சொன்னவர்களை நான் அறிவேன். வாராவாரம் ஆளை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் லீக்கில் அது அப்பட்டமான ஏமாற்று. ஆகவே உங்கள் லீக்கில் ஆள் மாற்றத்துக்கு இடமிருந்தால், முந்தைய எபிசோட் ஒளிபரப்பான மறுநாளோடு அதை மூடிவிடுங்கள். எல்லோரும் பார்த்து முடித்துவிட்டதாகச் சொல்லும்வரை புள்ளிப் பட்டியலையும் வெளியிடாதீர்கள்.