ஓ இரத்த வகையினரின் வயிற்றில் கிருமித் தொற்று எளிதில் ஏற்படுமா?

அஜீரணம், மேல்வயிற்று எரிச்சல் என்று மருத்துவரிடம் செல்லும் சிலருக்கு, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இரைப்பையில் இருப்பது சோதனையில் தெரியவரும். இதற்கும் இரத்த வகைக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி.

இரத்த வகை என்பது சிவப்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் வேறுபாடு. அதே சங்கிலிகள் பெரும்பாலானோருக்கு இரைப்பையின் உட்சுவரிலும் இருக்கின்றன. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஓ வகையில் சங்கிலியின் நுனி வெறுமையாக இருக்கும். ஏ வகையில் அதன்மேல் மேலும் ஒரு சர்க்கரை ஏறியிருக்கும். நுனி வெறுமையான ஓ வகைச் சங்கிலியைத்தான் கிருமி எளிதில் பற்றிக்கொள்கிறது என்பது 1993-இல் தெரியவந்தது.

வரப்பில் நடந்து வந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும், வழவழப்பான துணியில் அவ்வளவாக ஒட்டாது அல்லவா, ஏறத்தாழ அப்படித்தான் இதுவும். ஆனால், இரண்டு துணியிலும் ஒட்டப் பழகிக்கொண்ட கிருமி வகைகளே உலகின் பல பகுதிகளில் மிகுதி. அதனால்தானோ என்னவோ, ஓ வகையினருக்குச் சிறுகுடல் புண் சற்று அதிகம் என்பது 1950-களிலிருந்தே தெரிந்திருந்தும், தொற்றைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் நெருக்கடியும் சுகாதாரமும் இதில் கூடுதலாகவே பேசுகின்றன.

ஏ வகையினருக்கு இக்கிருமி வராது என்று பலர் நினைப்பது தவறு. இரத்த வகை எதுவானாலும், தொற்றை உறுதிசெய்வது மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோபி சோதனையே.