லடாக், ஸ்பிதி பக்கம் காத்துக்கும் பனிக்கும் தாங்குற நாலு சீசன் டென்ட் எப்படி பாத்து வாங்குறது?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பெட்டி மேல "4 சீசன்"னு அச்சடிச்சிருக்குறத மட்டும் நம்பி வாங்கிடாதீங்க. நான் அப்படித்தான் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கிட்டு என் ஃப்ரெண்டோட லடாக்குல த்ஸோ மோரிரி ஏரிக்கு போனேன். ஏரியே 4,500 மீட்டர் உயரத்துல இருக்கு, கரையில கோர்சோக்னு ஒரு கிராமம், அதுக்கு கொஞ்சம் தள்ளி டென்ட் போட்டோம். காலையில தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, மத்தியானத்துக்கு மேல காத்து கிளம்புச்சு பாருங்க, அன்னைக்கு ராத்திரியும் நிக்கல. பதினோரு மணி வாக்குல கரும்ப ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். டென்ட்ட தாங்கி நிக்க வெக்குற கம்பு, அதான் போல் (pole), ஒடஞ்சு போயிடுச்சு.

அது ஃபைபர்கிளாஸ் போல். ஒடஞ்சா நார் நாரா பிளந்துக்கும், அந்த முனை ஊசி மாதிரி துணிய கிழிச்சுட்டு வெளிய வந்துடுச்சு. மீதி ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து முதுகால முட்டு குடுத்துக்கிட்டே இருந்தோம், "விட்டுடாதடா, விட்டா மொத்தமா பறந்துரும்"னு அவன் கத்துனது இன்னும் காதுல கேக்குது.

அதனால போல்தான் முதல்ல பாக்கணும். அலுமினியம் போல் மட்டும் வாங்குங்க, டிஏசின்னு ஒரு கொரியன் கம்பெனி செய்யுற போல்கள் நல்ல டென்ட் பலதுல வரும். அலுமினியம் பெரும்பாலும் வளையும், அப்படியே ஒடஞ்சாலும் கூட வர்ற சின்ன குழாய்த்துண்ட மேல மாட்டி டேப் சுத்திட்டா காலை வரைக்கும் ஓடிடும், அந்த துண்டு இல்லாம எங்கயும் கிளம்பாதீங்க.

அடுத்து வடிவம். ரெண்டே ரெண்டு போல் உச்சியில மட்டும் குறுக்க போற சாதா டோம் ஊட்டி, கொடைக்கானலுக்கு தாராளமா போதும், பனி மேல ஏறி உக்காந்தா அமுங்கிடும். மூணு நாலு போல் பல இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு வெட்டிக்கிட்டு போறதுக்கு ஜியோடெசிக்னு பேரு, 1975ல நார்த் ஃபேஸ் கம்பெனி ஓவல் இன்டென்ஷன்னு ஒரு டென்ட் கொண்டுவந்ததுல இருந்து மலையேறுறவங்க நடுவுல இதுதான் பிரபலம். இன்னொன்னு டனல் டைப், ஸ்வீடன் ஹில்லெபெர்க் டென்ட்கள் இதுல பேர் போனது, வெயிட் கம்மி, இடம் ஜாஸ்தி, ஆனா காத்து வர்ற பக்கம் ஒடுக்கமான முனைய வெச்சு கட்டணும், ஆணி இறங்கலன்னா நிக்கவே நிக்காது. லடாக் தரை கல்லும் சரளையும்தான், அதனால என் ஓட்டு ஜியோடெசிக்குக்கு. ரெண்டு பேர் டென்டே 3, 4 கிலோ வரும், அதுக்கு மனசளவுல தயாராகிக்கோங்க.

எல்லாரும் 3000 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃபா 5000ஆன்னுதான் கேக்குறாங்க, அது துணி எவ்வளவு தண்ணி அழுத்தத்த தாங்கும்ங்கிற அளவு. என்னோடதுலயும் பெரிய நம்பர்தான் போட்டிருந்தான், அதுவா காத்த தடுத்துச்சு? அதவிட மேல் ஷீட் தரை வரைக்கும் இறங்குதான்னு பாருங்க. உள் டென்ட்ல பாதிக்கு மேல கொசுவலையா இருந்தா மண்ணும் தூள் பனியும் உள்ள வந்து ஸ்லீப்பிங் பேக்குல படியும், துணியா இருக்கணும், கூடவே மேல மூடித் திறக்குற ஜன்னலும் இருக்கணும், இல்லன்னா நம்ம மூச்சுக்காத்தே விடியறதுக்குள்ள உறைஞ்சு சொட்டும். கேஸ் அடுப்ப எக்காரணம் கொண்டும் உள்ள மூடி வெச்சு பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கயிறு கட்டுற எடம் எத்தனை இருக்குன்னும் எண்ணிப் பாருங்க. அன்னைக்கு காலையில பக்கத்துல ஆடு மேய்க்கிற சாங்பா (லடாக்ல கூடாரம் போட்டு இடம் மாறி வாழுற மேய்ச்சல்காரங்க) பெரியவர் ஒருத்தர் எங்க நிலைமைய பாத்துட்டு வந்தார். அவங்க கூடாரம் யாக் முடியில நெஞ்சது, ரெபோன்னு பேரு, சுத்தி எல்லா பக்கமும் கயிறு. அவர் எங்க கயிற ஒரு சின்ன கல்லுல கட்டினார், அந்த கல்லுக்கும் டென்டுக்கும் நடுவுல கயிறு மேல ஒரு பெரிய கல்ல தூக்கி வெச்சார். காத்து இழுத்தா சின்ன கல்லு போய் பெரிய கல்லுல முட்டி நின்னுக்கும். நாங்க பெரிய கல்லுலயே நேரா கட்டியிருந்தோம், கூர் விளிம்புல உரசி ரெண்டு கயிறு அறுந்தே போயிருந்துச்சு. ஒடஞ்ச போலோட அந்த டென்ட்ட அதுக்கப்புறம் ஒரு ராத்திரி அந்த கயிறுங்கதான் நிக்க வெச்சுச்சு.

நம்ம ஊர்ல வெச்சிருக்குறவங்களுக்கு இன்னொரு பிரச்சனை. பியூ (PU, பாலியூரிதேன்) கோட்டிங் போட்ட துணி ஈரத்துலயும் சூட்டுலயும் பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சுடும், சென்னை புழுக்கத்துல பையில சுருட்டி லாஃப்ட்ல போட்டா சீக்கிரமே கெட்டுரும். நல்லா காயவெச்சு காட்டன் துணியில தளர்வா சுத்தி வைங்க. ரெண்டு பக்கமும் சிலிக்கான் கோட்டிங்னா இந்த தொல்லை இல்ல, ஆனா தையல் மேல டேப் ஒட்டாது, சிலிக்கான் பசைய நாமளே தடவிக்கணும்.

வருஷத்துக்கு ஒரு தடவ போறவங்களா இருந்தா லேலயோ மணாலியிலயோ வாடகைக்கு எடுங்க, எடுக்கும்போது கடையிலயே விரிச்சு ஒவ்வொரு போலா மாட்டி ஜிப்ப நாலு தடவ இழுத்துப் பாருங்க. சொந்தமா வாங்கினா கிளம்பறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில கையில கிளவுஸ் போட்டுக்கிட்டே ஒரு தடவ கட்டிப் பாருங்க, அங்க போயி கிளவுஸ கழட்டிட்டு கட்ட முடியாது.